நாலாவது அம்மம்மா

அம்மம்மா இறந்துவிட்டார், இரண்டு நாள் லீவு வேண்டும் என்று அந்தச் சமோவாக்காரர் நாலாவது தடவையாக எழுதிக் கொடுத்த படிவம் என் மேசைக்கு வந்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஒரு மனிதனுக்கு எத்தனை அம்மம்மா இருக்க முடியும்?

மெல்பேர்னின் தென்கிழக்கில், டண்டினோங் தெற்கில், உறைந்த உணவு செய்கிற ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடம் சம்பளப் பிரிவில் இருந்தேன். மூன்று ஷிப்ட், முந்நூறு சொச்சம் பேர். அதில் பெரிய கூட்டம் இரண்டு. ஒன்று ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் ஹசாரா என்ற சிறுபான்மை இனத்தவர். மற்றது பசிபிக் தீவு நாடான சமோவாவிலிருந்து வந்தவர்கள். ஒருவர் தொழுகைக்கு வெள்ளிக்கிழமை மதியம் லீவு கேட்பார், மற்றவர் தேவாலயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கேட்பார். ரோஸ்டர் போடுகிறவருக்கு அது வசதி.

இங்கத்தைய சட்டப்படி, நெருங்கிய உறவில் ஒருவர் இறந்தால் நிரந்தர வேலைக்காரருக்குச் சம்பளத்தோடு இரண்டு நாள். தாத்தா பாட்டி அதில் அடக்கம், மாமி சித்தி அடக்கமில்லை. ஆகவே அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. போர்க்லிப்ட் ஓட்டிக் காய்ப்பேறிய விரல்களை மடக்கினார். அம்மாவின் அம்மா. அம்மாவின் அம்மாவுடைய அக்கா. அவரின் தங்கை. பிறகு அப்பாவை வளர்த்த ஒருவர். "இவர்களை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது, உசோ?" என்று கேட்டார். உசோ என்றால் அவர்கள் பாஷையில் சகோதரன். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

எனக்கு முகம் கறுத்துப் போனது. 2008இல் வேறொரு இடத்தில் வேலை செய்தபோது ஊரில் என் பெரியம்மா போய்விட்டார். படிவத்தில் 'ஆன்ட்' என்று எழுதினேன். ஆன்ட் என்றால் நெருங்கிய உறவு இல்லை என்று சம்பளத்தை வெட்டிவிட்டார்கள். பெரியம்மா என்ற சொல்லுக்குள்ளேயே அம்மா இருக்கிறாள் என்பதை யாருக்குப் போய் விளக்குவது? அந்தக் கோபம் எனக்கு ஒரு வருடம் இருந்தது. அதே கத்தரிக்கோலை இப்போது நான் பிடித்துக்கொண்டிருந்தேன். லீவைக் கொடுத்தேன். ஆனால் சந்தேகம் முழுதாய்ப் போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவருடைய படிவங்களை ஒரு தனிக் கோப்பில் எடுத்து வைத்தேன்.

சந்தேகத்துக்குக் காரணம் காசு. சமோவாக்காரரில் பலர் சம்பள முன்பணம் கேட்பார்கள். செத்த வீடு, கலியாணம், ஊரில் யாருக்காவது மத்தாய்ப் பட்டம் சூட்டுகிற சடங்கு, தேவாலயத்துக்குக் கூரை. மத்தாய் என்றால் குடும்பத் தலைவர், ஊர்ச் சபையில் உட்காருகிறவர். எங்கள் துப்புரவுப் பிரிவில் அப்படி ஒரு மத்தாய் இருந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை தரை கழுவுவார். அவர்கள் விசேஷம் ஒன்றுக்குப் போனபோது பார்க்கிறேன், எங்கள் லைன் சூப்பர்வைசர் அவருக்கு முன்னால் தலை குனிந்து போகிறார். இந்தச் செலவுகளுக்கு எல்லாம் சேர்த்து ஃபாலாவேலாவே என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நெய்த பாய், டின் இறைச்சி, பன்றி, கட்டுக் கட்டாய்க் காசு. யார் எவ்வளவு கொடுத்தார் என்று சபையில் பெயரோடு வாசிக்கிற தேவாலயங்களும் உண்டு. மொய் வாசிக்கிற நம்மவருக்கு இதில் அதிசயம் இல்லை.

ஹசாராக்கள் ஒருநாளும் முன்பணம் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் ஓவர்டைம், பிறகு கடிதம். 'இவர் இங்கே நிரந்தர வேலையில் இருக்கிறார், இவ்வளவு சம்பளம்' என்று ஒரு கடிதம், வீசாவுக்கு, வங்கிக்கு, வாடகை வீட்டு ஏஜென்டுக்கு. ஆறேழு வருடத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து ஹம்டன் பார்க்கிலோ நரி வாரனிலோ வீடு வாங்கிவிடுவார்கள். இன்னும் இரண்டு வருடத்தில் வேலையை விட்டுவிட்டு டைல் பதிக்கப் போவார்கள், அல்லது டண்டினோங் தோமஸ் வீதியில் ரொட்டிக் கடை. அந்த வீதியை ஆப்கான் பஜார் என்றுதான் சொல்வது. சமோவாக்காரர் பதினைந்து வருடமாக ஒன்பது பேரோடு அதே வாடகை வீட்டில்.

தேநீர் அறையில் இதற்கு ஒரு தத்துவம் இருந்தது. அவன் சேர்க்கிற சாதி, இவன் செலவழிக்கிற சாதி. எங்கள் ஆட்கள்தான் இதை அதிகம் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். இரண்டு மூன்று வருடம் அந்தத் தத்துவத்தை வைத்துக்கொண்டே சம்பளம் போட்டேன்.

அதை உடைத்தது ஒரு காகிதம். 2015இல் ஒரு லைனை மூடினார்கள், இருபது பேருக்கு வேலை போனது. வேலையிலிருந்து நிற்கிறவருக்கு ஒரு விலகல் சான்றிதழ் கொடுக்கவேண்டும். அதைக் கொண்டுபோய்க் காட்டினால் அரசாங்கம் வேலையில்லாதோர் உதவித்தொகை தரும். இருபதையும் அச்சடித்துக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். சமோவாக்காரர் ஒருவர் தன்னுடையதை இரண்டாய் மடித்துத் திருப்பி என் மேசையில் வைத்தார். "நல்ல தாள், வீணாக்காதே. எனக்கு இது உதவாது."

எட்டு வருடம் வரி கட்டியவர். நான் அங்கே சேர்ந்த பிறகு நான்தான் ஒவ்வொரு கிழமையும் கழித்தேன். ஏன் உதவாது என்று அன்று இரவு இருந்து வாசித்தேன்.

சமோவா 1962இல் நியூசிலாந்திடமிருந்து சுதந்திரம் பெற்ற நாடு. அங்கிருந்து ஆண்டுக்கு 1,100 பேரை நியூசிலாந்து குலுக்கல் முறையில் எடுக்கிறது. அங்கே குடியுரிமை கிடைத்ததும் பலர் கூடுதல் சம்பளம் தேடி இங்கே வந்துவிடுகிறார்கள். நியூசிலாந்துக் கடவுச்சீட்டு இருந்தால் விமான நிலையத்தில் இறங்கும்போதே 444 என்ற வீசா தானாய் விழும். எவ்வளவு காலமும் இருக்கலாம், வேலை செய்யலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2001 பெப்ரவரி 26க்குப் பிறகு வந்தவர்களுக்கு வேலை போனால் உதவித்தொகை கிடையாது. பத்து வருடம் இருந்தால் ஒரே ஒரு தடவை, ஆறு மாதத்துக்குக் கிடைக்கலாம். இந்த மனிதருக்கு எட்டு வருடம்தான். 2014 ஜூலையில் பொது மருத்துவத்துக்கான மெடிகெயார் வரியை 1.5 வீதத்திலிருந்து 2 வீதமாக ஏற்றினார்கள், மாற்றுத்திறனாளிகளின் காப்புறுதித் திட்டத்துக்காக. அந்த அரை வீதம் அவர் சம்பளத்திலும் போனது. அந்தத் திட்டத்தில் சேர அவருக்கு உரிமை இல்லை.

வேலை போன அந்த மனிதரின் வாடகையை நாலு மாதம் கட்டியது யார்? மச்சான் ஒருவன் இருநூறு, சபை ஒரு தொகை, நியூசிலாந்தின் ஓக்லாந்திலிருந்து ஒரு அக்கா. அதாவது அவர் இத்தனை வருடம் செத்த வீடுகளுக்குக் கொடுத்த காசு திரும்பி வந்தது. நாங்கள் வீண்செலவு என்று சொன்னதுதான் அவர்களுடைய காப்புறுதி. அரசாங்கம் மூடிய இடத்தை அய்கா என்கிற அந்தப் பெருங்குடும்பம் நிரப்பிக்கொண்டிருந்தது. அது மட்டுமா, சமோவா நாட்டு வருமானத்தில் கால்வாசிக்கு மேல் இப்படி வெளியிலிருந்து அனுப்புகிற காசுதான்.

இதைச் சொல்லி நான் அந்த முறைக்கு மாலை போடவில்லை. அது இளசுகளின் முதுகில் ஏறி உட்காருகிறது. பொதி கட்டும் பிரிவில் ஒரு சமோவாப் பிள்ளை இருந்தாள், எட்டு வயதில் இங்கே வந்து 2013இல் பள்ளிக்கூடம் முடித்தவள். தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. இங்கே பிறந்த பிள்ளை என்றால் கட்டணத்தை அரசாங்கக் கடனில் போட்டுவிட்டுப் படிக்கும். இவளுக்கு அந்தக் கடன் இல்லை, வருடத்துக்கு ஆறாயிரம் டொலர் அளவில் கையில் வைக்கவேண்டும். அந்த வருடம் வீட்டில் இரண்டு சாவு. அவள் இரவு ஷிப்டில் ஏறினாள். 2016இல் சட்டம் மாறியது, சிறு வயதில் வந்து பத்து வருடம் இருந்தவர்களுக்குக் கடன் உண்டு என்றார்கள். அதற்குள் அவள் லைன் லீடர், வீட்டுக்கு அவள் சம்பளம்தான் தூண். தம்பி படிக்கப் போனான்.

சரி, ஹசாராக்கள் சேர்க்கிற சாதி என்றது? அதிலும் பாதிதான் உண்மை. படகில் வந்து, ஆனால் நிரந்தர வீசா கிடைத்தவர்களைத்தான் நாங்கள் பார்த்துப் பொறாமைப்பட்டோம். அவர்களுக்கு ஆங்கிலம் கற்க அப்போது 510 மணித்தியாலம், உதவித்தொகை, பிள்ளைகளுக்குப் படிப்புக் கடன், எல்லாம் இருந்தன. வங்கியும் வீட்டுக்கடனுக்குக் கதவு திறக்கும். பிந்தி வந்தவர்கள் வேறு. 1999இல் தொடங்கி 2008இல் நிறுத்திய தற்காலிகப் பாதுகாப்பு வீசாவை 2014 டிசம்பரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதில் மூன்று வருடம் இருக்க விட்டார்கள், மனைவியைக் கூப்பிட விடவில்லை. என் சித்தப்பா மகன் 2012இல் இலங்கையிலிருந்து படகில் வந்து அந்தக் குழியில் விழுந்தவன் என்பதால் இந்தக் கதையை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஊருக்குக் காசு அனுப்பிவிடுகிற உண்டியல்காரன்கூட அவனுக்கும் அந்த ஹசாராப் பொடியன்களுக்கும் ஒரே ஆள்தான். அவர்கள் ஹவாலா என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர்கள் முன்பணம் கேட்காததற்கும் காரணம் சிக்கனம் மட்டும் இல்லை, பயம். எந்தப் பக்கத்திலும் கடன்காரன் என்ற பெயர் வீசாக் கோப்பில் ஏறிவிடக்கூடாது. ஓவர்டைம் செய்தது, வீட்டுக்குப் போனால் பேச யாரும் இல்லை என்பதாலும்தான். எங்கள் உறைகுளிர் அறையில் வேலை செய்த ஒருவர் மகனை மூன்று மாதக் குழந்தையாய்ப் பாகிஸ்தானின் குவெட்டாவில் விட்டுவிட்டு வந்தவர். பையனுக்குப் பதினொரு வயதானபோதும் அப்பா என்பது போன் திரைதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் வந்து சேர்ந்தார். ஆள் ஹசாரா, வீசா 444! முதலில் கணினி பிழை விட்டுவிட்டது என்று நினைத்தேன். 2001 ஓகஸ்டில் டம்பா என்ற நோர்வே கப்பல் கடலில் காப்பாற்றிய 433 பேரை அவுஸ்திரேலியா இறக்க மறுத்தது. அவர்களில் ஏறத்தாழ 130 பேரை நியூசிலாந்து எடுத்தது. இவருடைய குடும்பம் அப்படிப் போனது. அங்கே குடியுரிமை கிடைத்து, பிறகு எல்லாரையும் போல மெல்பேர்னுக்கு. இறங்க விடாத நாட்டுக்கு விமானத்தில் வந்து இறங்கியிருக்கிறார். அவரையும் கவனித்துக்கொண்டு வந்தேன். இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார், குடும்பம் கூடவே இருந்தது, இரவில் நித்திரை வந்தது. ஆனால் மகளின் பல்கலைக்கழகக் கட்டணம் என்று வந்தபோது அந்தச் சமோவாப் பிள்ளையின் தகப்பன் நின்ற அதே மேசையில் வந்து நின்று, ஹசாராக்கள் கேட்காத அந்த முன்பணத்தைக் கேட்டார். சாதித் தத்துவம் அன்றோடு சரி.

2021 ஓகஸ்ட் 15, ஞாயிறு, காபூல் விழுந்தது. நகரம் ஊரடங்கில் இருந்தாலும் உணவுத் தொழிற்சாலைக்கு லீவு இல்லை. திங்கள் காலை ஹசாராக்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், ஒருவர்கூட நிற்கவில்லை. உற்பத்திப் பகுதிக்குள் போன் கொண்டுபோகத் தடை. கேட்டார்கள், மேலே மறுத்துவிட்டார்கள். போர்க்லிப்ட்காரர், நாலு அம்மம்மாக்காரர்தான், அப்போது ஷிப்ட் பொறுப்பாளர். எல்லாப் போன்களையும் ஒரு நீல ஐஸ்கிரீம் வாளியில் வாங்கித் தன் கண்ணாடி அறை மேசையில் நிமிர்த்தி அடுக்கி வைத்தார். எது மினுங்கினாலும் லைனுக்கு ஓடிப்போய் அந்த ஆளைத் தோளில் தட்டி, அவர் இடத்தில் தானே நின்று கோழித் துண்டு அடுக்கினார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். 2009 செப்டம்பரில் சமோவாவைச் சுனாமி அடித்த நேரம், ஓக்லாந்தில் ஒரு தொழிற்சாலையில் போனை லாக்கரில் பூட்டிவிட்டு நின்றாராம். எனக்கு அதே வருடத்து மே மாதம். அதை அவரிடம் சொல்லவில்லை.

நான் அங்கே இருந்த கடைசி வருடம் 2023. பெப்ரவரியில், தற்காலிக வீசாவில் இருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வழி திறந்தார்கள். ஜூலை 1இலிருந்து, நாலு வருடம் இங்கே இருந்த நியூசிலாந்துக்காரர் நேரே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். என் போட்டோகொப்பி இயந்திரம் அந்த வருடம்போல் ஒருநாளும் வேலை செய்ததில்லை. உறைகுளிர் அறைக்காரர் மனைவியையும் மகனையும் கூப்பிடுவதற்குச் சம்பளச் சீட்டு முழுவதும் வேண்டும் என்று வந்து நின்றார். என் தம்பிக்கு, அந்தச் சித்தப்பா மகனுக்கு, இன்னும் பதில் வரவில்லை. அவன் கோப்பு மறுக்கப்பட்ட பக்கத்தில் கிடக்கிறது.

அதே கிழமை போர்க்லிப்ட்காரரும் வந்தார், கையில் குடியுரிமைப் படிவம். நாட்டை விட்டு எப்போதெல்லாம் வெளியே போய் வந்தீர்கள், திகதி எழுதுங்கள் என்று ஒரு கேள்வி. பழைய கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டார், ஞாபகமும் இல்லை. அவர் வெளியே போனதெல்லாம் சமோவாத் தலைநகர் ஆப்பியாவுக்குச் செத்த வீட்டுக்குத்தான். நான் அலுமாரியைத் திறந்து, அந்தத் தனிக் கோப்பை எடுத்தேன். ஏன் இதைத் தனியாக வைத்திருந்தாய் என்று அவர் கேட்கவில்லை. நாலு படிவத்தையும் வரிசையாய் அடுக்கினேன். அவர் ஒவ்வொன்றாய் எடுத்து, திகதியை எழுதுவதற்கு முன்னால் அந்த அம்மம்மாவின் பெயரை ஒருதரம் மெல்லச் சொன்னார்.