ஜார்ஜ் பிரஃபுக்குக் கிடைத்த அஞ்சல்தலை

பிரிட்டனின் ராயல் மெயில் 2005 ஜூலையில் வெளியிட்ட மோட்டார் சைக்கிள் அஞ்சல்தலை வரிசையில், நார்ட்டன், டிரையம்ஃப், ராயல் என்ஃபீல்டு போன்ற பெரும் பெயர்களோடு 1930ஆம் ஆண்டின் பிரஃப் சுப்பீரியரும் இடம்பெற்றது மிகவும் பொருத்தமானது என்றே நான் கருதுகிறேன்.

நாட்டிங்ஹாமில் ஜார்ஜ் பிரஃப் 1919இல் தொடங்கிய அந்தச் சிறு நிறுவனம், 1940 வரை ஏறத்தாழ 3,000 வண்டிகளை மட்டுமே செய்தது. எஞ்சின்களை வெளியிலிருந்து வாங்கினாலும், வாங்குபவரின் விருப்பத்திற்கேற்ப ஒவ்வொரு வண்டியையும் அக்கறையோடு உருவாக்கிய அவர், எஸ்எஸ்100 என்ற வகை வண்டி மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொடும் என்று எழுத்துமூலம் உறுதியளித்தே விற்றார். அக்காலச் சாலைகளை எண்ணிப் பார்த்தால் அந்தத் துணிவு வியப்பளிக்கிறது. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று புகழ்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியும் எழுத்தாளருமான டி. ஈ. லாரன்ஸ் இவ்வண்டிகளை அடுத்தடுத்து வாங்கி ஓட்டியவர்; 1935இல் அவர் உயிரைப் பறித்த விபத்தும் இவ்வண்டியில் சென்றபோதுதான் நேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் விமான எஞ்சினுக்குப் பாகங்கள் செய்த அத்தொழிற்சாலை, போருக்குப் பின் மோட்டார் சைக்கிள் உற்பத்திக்குத் திரும்பவே இல்லை.