வண்டி எப்போது சூடாகிறது?

பழைய டீசல் பிக்கப்பில் டெம்பரேச்சர் முள் ஏறினால் பட்டறையில் முதலில் பலியாவது தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போக வழிவிடும் வால்வு. "கழட்டிப் போட்டுட்டு ஓட்டுங்கண்ணே, நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?" என்பார்கள். கேட்காதீர்கள். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் ரேடியேட்டருக்கு வழி திறக்கும்போதே அதன் அடித்தட்டு பைபாஸை, அதாவது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்கே திரும்பும் குறுக்குவழியை, அடைக்கும். எடுத்துவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். காலி வண்டியில் முள் இறங்கியதுபோல் தெரியும், லோடு ஏறினால் பழைய கதைதான். சந்தேகமிருந்தால் தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சுங்கள். 82 என்று பொறித்திருந்தால் 82 டிகிரி வாக்கில் வாய் திறக்க ஆரம்பித்து, தண்ணீர் கொதிக்கப் போகும்போது முழுதாகத் திறந்திருக்க வேண்டும்.

ஸ்பானரை எடுக்குமுன் டிரைவரிடம் கேளுங்கள்: எப்போது சூடாகிறது?

டிராஃபிக்கில் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறது என்றால் காற்று போதவில்லை. ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 மி.மீ. அளவுக்குத்தான் இறங்க வேண்டும். விஸ்கஸ் ஃபேன் (உள்ளே இருக்கும் கெட்டி எண்ணெயின் பிடிப்பில் சுழலும் ஃபேன்) என்றால் சூடான இன்ஜினை அணைத்துவிட்டுக் கையால் சுழற்றுங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் உள்ளே சிலிக்கோன் ஆயில் போய்விட்டது. நடு ஸ்பிரிங்கைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி படிந்திருப்பதும் அதற்குச் சாட்சி.

ஊருக்குள் ஒழுங்காக இருந்து, பைபாஸ் ரோட்டில் 80-ல் போகும்போது ஏறினால் ரேடியேட்டருக்குள் அடைப்பு. வருடக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் இதுதான் அதிகம். கொதிக்கிற பாத்திரத்தில் படிகிற அதே வெள்ளை உப்புதான் டியூபிலும் படிகிறது. லேசர் தெர்மாமீட்டரை ரேடியேட்டரின் கோர் (டியூப்கள் உள்ள நடுப்பகுதி) முழுக்க ஓட்டினால் அடைத்த இடம் மட்டும் ஆறிக் கிடப்பது தெரியும். பித்தளை ரேடியேட்டரை டேங்கைப் பிரித்து ராடு விட்டுச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினியத்தை மாற்றிவிடுவதே மேல். அதற்குமுன் கீழ் ஹோஸையும் பாருங்கள். பம்ப் உறிஞ்சும் பக்கம் அதுதான்; ரப்பர் நைந்திருந்தால் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது சப்பிப்போய்த் தண்ணீரை மறித்துவிடும். ஐடிலில் நல்ல பிள்ளையாக இருக்கும்.

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் சூடாகிறது என்றால் ஒன்றை மட்டும் கைகாட்ட முடியாது. செகண்ட் கியரில் வேகம் குறைவு, லோடு அதிகம். ஃபேன், ரேடியேட்டர் இரண்டுக்கும் அது பரீட்சை.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. 0.9 என்று பொறித்த மூடி அந்த பார் அழுத்தத்தைத் தாங்கினால் உள்ளே தண்ணீர் கொதிக்க 118 டிகிரியாவது ஆகும். வாஷர் செத்துவிட்டால் 100-லேயே கொதித்து உபரித் தண்ணீர் பாட்டிலுக்குப் பொங்கிவிடும். வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் ஒட்டிப்போய்க் கிடந்தால், மூடியின் நடுவிலுள்ள சின்ன வால்வு சிக்கியிருக்கிறது. பாட்டிலில் இருக்கும் தண்ணீர் திரும்ப வரவில்லை.

வெளியே சொட்டு ஒழுக்கு இல்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாகிறது. ஹெட் கேஸ்கட்டை (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் சீல்) சந்தேகப்படுங்கள். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். நாலு குமிழி வந்து நின்றால் அது ஏர் லாக், உள்ளே சிக்கிய காற்று. விடாமல் வந்துகொண்டே இருந்தால் இன்ஜின் சிலிண்டருக்குள் இருக்கும் வாயு தண்ணீருக்குள் வருகிறது.

இன்னொன்று: கொதித்துக்கொண்டிருந்த வண்டியில் முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதிப்படாதீர்கள். தண்ணீர் வற்றி சென்சார் காற்றில் நிற்கலாம். உடனே நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். அரை மணி நேரமாவது ஆறவிடாமல் மூடியைத் தொட வேண்டாம். குளிர்ந்த தண்ணீரையும் ஊற்ற வேண்டாம், ஹெட்டில் விரிசல் விழுந்துவிடும்.