நாளுக்கு நாள் புதிதாக்கப்படுதல்

தாராவியில் எங்கள் தமிழ்ச் சபையின் ஞாயிறு ஆராதனையில் கண்ணீரோடு தங்களை ஒப்புக்கொடுக்கிற பலர், திங்கட்கிழமை பழைய கோபம் மீண்டும் எழுந்தவுடன், தாங்கள் மாறவே இல்லையென்று சோர்ந்துபோகிறார்கள். பவுலோ, உள்ளான மனுஷன் நாளுக்கு நாள் புதிதாக்கப்படுகிறான் என்றே கொரிந்தியருக்கு எழுதுகிறார். அதற்காக, மாற்றம் வெளியே தெரியாமலே இருந்துவிடலாம் என்று நான் எண்ணவில்லை. லூக்கா 19-ஆம் அதிகாரத்தில், வரி வசூலிப்போருக்குத் தலைவனான சகேயு, இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட பின், ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துவதாகவும் சொல்கிறான். தன் குற்றத்தை அறிக்கையிடுகிறவனிடம் மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கையே கூடுதலாகக் கேட்டது (எண்ணாகமம் 5:7). இந்த வேறுபாடு எனக்கு மிகவும் பிரியமானது. எங்கள் சபையில் தோல் பட்டறை நடத்தும் சகோதரர் ஒருவர், யாரும் கேளாமலே பழைய கூலிப் பாக்கியை மிகுதியாகக் கொடுத்தபோது, சகேயுவின் மகிழ்ச்சி எனக்கு விளங்கிற்று.