ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு

வீட்டிலேயே நானே இறக்கி, பிரித்து, மறுபடி பூட்டின எங்கள் கார் என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஒழுகல் இல்லை, நீலப் புகை இல்லை, ஆயில் விளக்கு சமர்த்தாக அணைந்துவிட்டது. கையெல்லாம் கிரீஸோடு உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். "சரி, அப்போ சாப்பாட்டு மேஜையை எப்போ காலி பண்றீங்க?" என்றாள் மனைவி. உலகத்தில் எந்தச் சாதனையாளனுக்கும் இப்படி ஒரு வரவேற்பு கிடைத்திருக்காது.

மேஜை விஷயத்தில் அவளையும் குறை சொல்ல முடியாதுதான். காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விட்டு, புகையை வெளியே விடுகிற 16 வால்வுகளும் அதன் மேலேதான் கிடந்தன. எந்த வால்வு எந்த சீட்டிலிருந்து வந்ததோ அங்கேதான் திரும்பப் போக வேண்டும். பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டான கிராங்கைப் பிடித்துக்கொள்ளும் பேரிங் கேப்புகளும் அப்படியே. நம்பரையோ திசையையோ மாற்றிப் போட்டால் கிராங்க் முரண்டு பிடிக்கும். அதனால் அட்டையில் ஓட்டை போட்டு, நம்பர் எழுதி, வால்வுகளை வரிசையாகக் குத்தி வைத்திருந்தேன். அதுவரை எல்லோரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். யாரும் இளைத்துப் போகவில்லை.

வண்டி அப்படி ஆயில் குடித்துக்கொண்டிருந்தது. கிளம்பினால் கொசு மருந்து வண்டி போன மாதிரி பின்னால் ஒரு மேகம். அப்பாவுக்கு அது தினசரிப் பொழுதுபோக்கு. ஜன்னலில் நின்று, "இன்னிக்கு நல்ல நீலம்டா" என்று வானிலை அறிக்கை வாசிப்பார். விடாமல் வெள்ளையாக வந்தால் கூலன்ட் எரிகிறது, கருப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம், நீலமாக வந்தால் ஆயில்: இதை வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் பாடம் எடுத்தார். பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டுவிட்டு மறுபடி கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று, பார்த்தேன். முள் ஜம்மென்று ஏறியது. ஏறாமல் இருந்திருந்தால் வால்வு மேல் சந்தேகப்படலாம். ஏறினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்பாவுக்கு ஒரே பெருமை, அவரே தேய்த்தது போல.

என்ஜினை இறக்கியாக வேண்டும் என்றானதும், நாமே இறக்கினால் என்ன என்று தோன்றியது. இதற்கு முழுப் பொறுப்பும் வீடியோ போடுகிறவர்களுடையது. அவர்கள் ஸ்பேனரை வைத்தவுடன் போல்ட் கையோடு வந்துவிடுகிறது. ஒழுகாமல் இருக்க நடுவில் வைக்கிற தகடான பழைய கேஸ்கட்டை அவர்கள் சுரண்டுவதற்கு மூன்று விநாடி; அடுத்த காட்சியில் சிலிண்டர்களுக்கு மூடியான ஹெட் பளபளக்கிறது. என் கேஸ்கட் ஹெட்டோடு ஒரே உயிராகக் கலந்திருந்தது. ஹெட் அலுமினியம், இரும்பை வைத்துச் சுரண்டினால் கீறல் விழும். பிளாஸ்டிக் சுரண்டியை வைத்துக்கொண்டு, முன்ஜென்மத்தில் யாருடைய கேஸ்கட்டைத் திருடினேனோ என்று யோசித்தபடி சுரண்டினேன். எக்ஸாஸ்ட் பக்கத்து ஸ்டட் பற்றி நான் எதுவும் பேசுவதாக இல்லை.

சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் போரிங்கும், உள்ளே கல்லால் தேய்க்கும் ஹோனிங்கும் லேத் பட்டறையில். அரை மில்லி ஓவர்சைஸ் பிஸ்டன். ஹோன் பண்ணின சிலிண்டருக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னல் கோடுகள் இருக்கும், ஆயில் அதில் தங்கத்தான். அழகாக இருக்கிறதே என்று அப்படியே பிஸ்டனைப் போட்டுவிட முடியாது. கல் அரைத்த பொடி அந்தக் கோடுகளுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். பெட்ரோலில் துடைத்தால் போகாது. சோப்புத் தண்ணீர் விட்டு பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும், அதுதான் பரீட்சை. வீட்டிலேயே வெள்ளையான துணி எது என்று தேடினேன். கிடைத்தது. அந்தத் துண்டின் பெயரை இப்போதும் என் முன்னால் யாரும் எடுப்பதில்லை. சிலிண்டர் பாஸ்.

இந்த நேரத்தில்தான் அப்பா மேஜைக்கு அடியிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து நீட்டினார். "இது எங்கே போகணும்?" எனக்கு அடிவயிறு கலங்கியது. எடுத்த படங்கள், எழுதிய குறிப்புகள், பைகளில் ஒட்டின சீட்டுகள் எல்லாவற்றையும் புரட்டினேன். எந்த ஓட்டைக்கும் சேரவில்லை. ராத்திரி முழுக்க அந்த போல்ட் என் கனவில் வெவ்வேறு ஓட்டைகளில் நுழைந்து பார்த்தது. மறுநாள் அப்பா, வழக்கமான மேற்பார்வைக்காகத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என்ஜினுக்கும் அந்த போல்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. "நாற்காலியையும் ஓவர்ஹால் பண்ணிடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பெரியவள் இல்லாவிட்டால் நான் கிராங்க் பேரிங்கைத் தாண்டியிருக்க மாட்டேன். பிளாஸ்டிகேஜ் என்று மெழுகு நூல் ஒன்று இருக்கிறது. கிராங்கின் மேல் ஒரு துண்டு வைத்து, கேப்பைச் சொன்ன அளவுக்கு முறுக்கி, கிராங்கை அசைக்காமல் மறுபடி கழற்ற வேண்டும். நூல் எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறது என்று அதோடு வருகிற காகித அளவுகோலில் பார்த்தால் இடைவெளி தெரியும். அகலம் கூடினால் இடைவெளி குறைவு. இதைச் செய்வது சுலபம், பார்ப்பதுதான் பாடு. எனக்குக் கண்ணாடி போட்டும் பச்சைக் கறை ஒன்றுதான் தெரிந்தது. அவள் குனிந்து, "0.038 மில்லிமீட்டர்" என்றாள். அடுத்ததும் 0.038. தலைமுடியில் பாதி இருக்கும், அந்த இடைவெளியில் ஆயில் படலம் நின்றுதான் இரும்பை இரும்பு தொடாமல் பார்த்துக்கொள்கிறது. எனக்குப் புல்லரித்தது. அவளுக்குக் கழுத்து வலித்தது.

சின்னவன் எதையும் அளக்கவில்லை. எந்த சிலிண்டர் எப்போது வெடிக்கும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததைப் பிடித்துக்கொண்டான். ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. வகுப்பில் எண்ணச் சொன்னபோதும் அப்படியே எண்ணியிருக்கிறான். டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் நான்கும் ஒவ்வொரு முறை வெடிக்க வேண்டும், அதற்கு இந்த வரிசைதான் என்று விளக்கினேன். அவர் ரொம்ப நேரம் என் நகக்கண்ணில் இருந்த கருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெட் போல்ட்டுக்கு வருகிறேன். நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே போக வேண்டும். முதலில், எவ்வளவு முறுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்கிற டார்க் ரெஞ்சில் ஓர் அளவு. 'டிக்' என்றதும் நிறுத்தம். அதுவரை நிம்மதி. அப்புறம் ரெஞ்சைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் 90 டிகிரி திருப்பு என்கிறது புத்தகம். திருப்பினேன். இன்னொரு 90 டிகிரி. கம்பி 'கிர்ர்ர்' என்று முனகுகிறது, உடம்பில் இருக்கிற ஒவ்வொரு எலும்பும் போதும் போதும் என்கிறது, புத்தகம் மட்டும் இன்னும் என்கிறது. இந்த போல்ட்டுகள் அப்படி இழுபடவே பிறந்தவை. ஒருமுறை இழுபட்டால் அடுத்த தடவை புதுசுதான். இதையெல்லாம் படித்திருந்தும் கடைசி போல்ட்டை நான் கண்ணை மூடிக்கொண்டுதான் திருப்பினேன்.

கிராங்கும் வால்வுகளும் ஒத்துப்போகிற மாதிரி டைமிங் போட்டு, கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் நேராக வருகிறதா என்று பார்த்தேன். எங்கள் என்ஜினில் குறி தப்பினால் பிஸ்டன் வால்வின் தலையில் இடித்துவிடும், அதனால் மறுபடி சுற்றினேன். திருப்தி இல்லாமல் மறுபடியும். "அதைச் சுத்தியே எங்கேயாவது போயிட்டு வந்திருக்கலாம்" என்றார் அப்பா.

இப்போது பிரச்சினை வேறு. புது ரிங் சிலிண்டரோடு உட்காரும் வரை வண்டியைப் பக்குவமாக ஓட்ட வேண்டும்: சும்மா உறும விடக்கூடாது, ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டு போகக்கூடாது, ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிட வேண்டும். இதைத் தாளில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டினேன். வீட்டில் யார் படிப்பார்கள் என்று நினைத்தேன். நேற்று மச்சான் வந்து, "அக்கா, சாவி குடு, வண்டியைப் பார்க்கணும்" என்றான். மேஜையைத் தவிர எதையும் கேட்காத அவன் அக்கா எழுந்து நின்றாள். "ரிங் இன்னும் உட்காரலைடா. உனக்கு மேட்டுல மெதுவா ஏறத் தெரியாது. ஆயில் மாத்தின அப்புறம் வா." அவன் என்னைப் பார்த்தான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாவிக்குக் கையை நீட்டினேன்.

"உங்களுக்கும் கிடையாது. நீங்க கியர் மாத்தறதுக்கு முன்னாடி அதைக் கத்த விடறீங்க. நான் ஓட்டிக்கறேன், நீங்க பின்னாடி உட்காருங்க. ஆயில் மாத்தும்போது கூப்பிடறேன், அடியில படுக்க ஆள் வேணும்."