நாடாவின் நீலம்

படைச்சீருடையில் நிற்கும் திருவிதாங்கூர் அரசரின் எண்ணெய் ஓவியம் சுத்தத்துக்கு வந்தால் எல்லாரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். வேலை செய்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது மார்பில் குறுக்கே போகும் நாடாவை. முகத்தில் தவறினால் அன்றைக்கே தெரிந்துவிடும். நாடாவில் தவறினால் ஐம்பது வருஷமானாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

1861-ல் விக்டோரியா ஏற்படுத்திய 'ஸ்டார் ஆஃப் இந்தியா' விருதின் நாடா வெளிர்நீலம். இரு விளிம்பை ஒட்டியும் வெள்ளைக் கோடு. மேலே பூசிய டம்மர் என்ற மரப்பிசின் வார்னிஷ் நாளாக ஆக மஞ்சளிக்கும். நீலத்தின்மேல் மஞ்சள் ஏறினால் கண்ணுக்குப் பச்சை. அதை நம்பி உதிர்ந்த இடத்தில் பச்சை வைத்துவிட்டால், பின்னால் வார்னிஷை எடுக்கிற அன்று நீல நாடாவில் பச்சைத் திட்டு பல்லிளிக்கும். புற ஊதா விளக்கை அடித்துப் பார்த்தால் பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும், பிறகு வைத்த ஒட்டு வண்ணம் கறுப்பாகத் தெரியும். இந்தப் பரிசோதனைக்கு முன் சுத்தம் செய்யும் பஞ்சைத் தொடவே கூடாது.

அரசர் அணிந்த சிவப்பு மேலங்கியில் வேறு ஆபத்து. அடியில் வெர்மிலியன் என்ற அடர் சிவப்பு, மேலே மெல்லிய மேடர் என்ற வேர்ச்சாயம் என்று பூசியிருந்தால், துணி மடிப்பின் ஆழமெல்லாம் அந்த மேல்பூச்சில்தான் இருக்கிறது. ஸ்பிரிட் கொஞ்சம் கூடினால் அதுவும் கரைந்து, மேலங்கி தகரம் மாதிரி தட்டையாகிவிடும். குச்சியில் சுற்றிய பஞ்சை உருட்ட வேண்டும், தேய்க்கக் கூடாது. ஓரத்தில் அரை சென்டிமீட்டர் சோதனை. பஞ்சில் சிவப்பு ஏறினால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

தோள்பட்டைச் சரிகை பெரும்பாலும் தங்கமே இல்லை. காவி மஞ்சள், பழுப்பு, மேலே தடித்த வெளிர்மஞ்சள் புள்ளிகள், அவ்வளவுதான். மங்கிவிட்டதென்று கடையில் வாங்கிய தங்க பெயின்ட்டைத் தடவுவதைப் போல் கெடுதல் வேறில்லை. அது செம்பும் துத்தநாகமும் கலந்த தூள். நம் ஊர் ஈரத்தில் கறுத்தும் பச்சை பூத்தும் போகும்.

பத்மநாபபுரம், நாகர்கோவில் பக்கம் இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், துலா மழை என்ற வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். மழையில் கேன்வாஸும் அதன்மேல் பூசிய பசையும் ஈரம் குடித்துத் தளரும், வெயிலில் இறுகும். அந்த இழுபறியில் வண்ணம் வெடிக்கிறது. பெயர்ந்து நிற்கும் செதில் இருந்தால் சுத்தம் செய்வது அப்புறம். முதலில் ஜப்பானியத் தாள் என்ற மெல்லிய தாளை வைத்து, மீன்பசை விட்டு ஒட்ட வேண்டும். தளர்ந்த கேன்வாஸை இறுக்க உள்சட்ட மூலைகளில் உள்ள ஆப்பை அவசரத்தில் தட்டுவார்கள். இறுகுவதோடு பழைய வெடிப்பும் விரியும். பல படங்களில் கீழ்ச்சட்டத்துக்கும் கேன்வாஸுக்கும் நடுவே ஆணி, காரைத்தூள் எல்லாம் விழுந்து அரசரின் பூட்ஸ் புடைத்திருக்கும். அதை எடுத்தாலே பாதி சரியாகும்.

மாட்டுவதற்கு மழைநீர் அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம். உட்சுவரானாலும் சட்டத்தின் நான்கு மூலையிலும் தக்கை வைத்துக் காற்றுக்கு வழிவிட வேண்டும். அந்த இடைவெளியில் குளவி மண்கூடு கட்டும், அதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். கூட்டைத் தண்ணீர் விட்டு ஊறவைத்தால் கறை முன்பக்கம் வரை இறங்கும். காயவிட்டு, முன்னால் ஒரு கை மெத்தென்று தாங்க, பின்னாலிருந்து துணுக்குத் துணுக்காக உதிர்க்க வேண்டும்.