சூட்டில் மட்டும் மக்கர் செய்யும் 944

மார்ச் 2, ஞாயிறு

வண்டி 1986 மாடல் போர்ஷே 944. காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. நன்றாக ஓட்டிவிட்டு நிறுத்தி, கொஞ்ச நேரத்தில் மறுபடி சாவி போட்டால்தான் தகராறு. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. சூடு தணிந்ததும் தானாகவே சரியாகிவிடுகிறது.

பெட்ரோல் பம்ப், சென்சார் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடு என்கிறார் நண்பர். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்படிச் சரியானாலும் எது கெட்டிருந்தது என்று கடைசிவரை தெரியாது.

மார்ச் 4, செவ்வாய்

ஸ்டார்ட்டரே சுற்றாத வண்டி வேறு, சுற்றியும் பிடிக்காத வண்டி வேறு. இது இரண்டாவது ரகம். இருந்தாலும் மின்சாரப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டேன். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10.4. அது 9.6க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். எர்த் வயரும் சுத்தம்.

மார்ச் 8, சனி

இன்று வசமாகச் சிக்கியது. சூடாக இருக்கும்போதே மக்கர் செய்ய, சாவியைத் திருப்பிப் பிடித்தபடி ஆர்.பி.எம். முள்ளையே பார்த்தேன். ஈ.சி.யு. (எஞ்சினை இயக்கும் கணினி) உயிரோடு இருந்து, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலுக்குத் துடிப்பு அனுப்பினால், ஸ்டார்ட்டர் சுற்றும்போதே முள் லேசாகத் துள்ளும். அசையவே இல்லை.

அப்படியானால் சந்தேகம் இரண்டு பேர் மேல். எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தின் பக்கம் இருந்து, எஞ்சின் சுற்றுவதை ஈ.சி.யு.வுக்குச் சொல்லும் சென்சார்கள் சிக்னல் தரவில்லை, அல்லது ஈ.சி.யு.வுக்கே மின்சாரம் போகவில்லை. இந்த வண்டியில் ஈ.சி.யு.வுக்கும் பெட்ரோல் பம்புக்கும் ஒரே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகத்தான் மின்சாரம் வருகிறது. அதைக் கழற்றி, சாக்கெட்டில் 30, 87, 87பி என்று எண்ணிட்ட மூன்று முனைகளையும் வயரால் இணைத்தேன். பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. சாவியைத் திருப்பினேன், உடனே பிடித்தது!

சென்சார் தப்பித்தது. குற்றவாளி ரிலேதான்.

இந்த வயர் வைத்தியம் சோதனைக்கு மட்டும்தான். இப்படியே ஓட்டினால், விபத்தில் எஞ்சின் நின்றாலும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

ரிலேயின் மூடியை நெம்பி எடுத்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் புதுசு போல. பூதக்கண்ணாடி வைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது: ஒரு பின்னைச் சுற்றி, அதைப் பற்றவைத்த ஈயத்தில் மயிரிழை மாதிரி ஒரு கருவட்டம். பின்னை விரலால் அசைத்தால் அந்த வட்டத்துக்குள் ஆடுகிறது. இத்தனை வருஷச் சூடும் அதிர்வும் ஈயத்தை விரிசல் விடச் செய்திருக்கின்றன. சூட்டில் அந்த விரிசல் விலகுகிறது, ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை எழுதிய அறிகுறி அத்தனையும் இந்த ஒரு வட்டத்துக்குள் அடக்கம். பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம்.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, எல்லாப் பின்களுக்கும் புதிதாக வைத்தேன்.

மார்ச் 22, சனி

எவ்வளவு சூட்டில் நிறுத்தினாலும் முதல் சுற்றிலேயே பிடிக்கிறது. அப்புறம் புது ரிலே ஒன்றும் வாங்கி மாட்டினேன். ஈயம் வைத்தது டாஷ்போர்டு பெட்டியில் உபரியாக இருக்கிறது. 944 வைத்திருப்பவர்கள் வண்டியில் ஒரு ரிலே கூடுதலாக வைத்திருப்பது நல்லது.

சென்சார் வயர்களின் உறை கனெக்டர் பக்கம் மொறுமொறுத்துப் போயிருக்கிறது. அடுத்த வாரம் அதை மாற்றும்போது, சென்சாருக்கும் ஃபிளைவீலுக்கும் நடுவே இடைவெளி 0.8 மில்லிமீட்டர் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.