ஒண்ணாம் தேதியும் இரண்டாவது சனிக்கிழமையும்

சர்வரில் ஒரு வேலையைக் குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்கிறது கிரான். அதை எழுதக் கற்றுக்கொள்ள ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டம், எதுவானாலும் சரி என்றால் அங்கே நட்சத்திரக் குறி. சோழிங்கநல்லூரில் எங்கள் ஆபீஸில் சேரும் புதுப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். தடுக்கி விழுவதெல்லாம் நம் ஊர் காலண்டரை அந்த ஐந்து கட்டத்துக்குள் அடைக்கும்போதுதான்.

"மாதம் பிறந்ததும் ஒண்ணாம் தேதி ராத்திரி 12 மணிக்கு வட்டிக் கணக்கு ஓடணும்" என்று கேட்பார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சர்வரின் கடிகாரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், அதனால் நம் நள்ளிரவு அதற்கு முந்தின நாள் மாலை 6.30. தினமும் ஓடும் வேலை என்றால் 30 18 * * * என்று போட்டுவிட்டுப் போய்விடலாம். ஒண்ணாம் தேதிக்கு மட்டும் என்றால், சர்வர் கணக்கில் அது போன மாதத்தின் கடைசி நாள், அந்தக் கடைசி நாள் 28ஆகவும் இருக்கும் 31ஆகவும் இருக்கும், லினக்ஸின் வழக்கமான கிரானிலோ 'கடைசி நாள்' என்று சொல்ல வழியே கிடையாது.

இந்த இடத்தில் நான் முதலில் கேட்பது, நள்ளிரவு நிஜமாகவே வேண்டுமா என்பதுதான். பாதிப் பேருக்குக் காலையில் ஆபீஸ் திறப்பதற்குள் முடிந்தால் போதும். அப்படியானால் 0 0 1 * * தாராளமாகப் போதும், நமக்கு அது காலை 5.30. இல்லை, 12 மணிதான் என்றால் 30 18 28-31 * * என்று போட்டு, கொல்கத்தா நேரப்படி, அதாவது இந்திய நேரப்படி, இன்று ஒண்ணாம் தேதியா என்று கிரான் ஓட்டும் ஸ்கிரிப்ட்டையே பார்க்கச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையைக் கிரான்டாப் (கிரான் வரிகளை எழுதிவைக்கும் கோப்பு) வரியிலேயே எழுதுபவர்கள் உண்டு. அங்கே தேதி கேட்கும் கட்டளையில் வரும் சதவீதக் குறிக்கு (%) முன் பின்சாய்கோடு (\) போடாவிட்டால் கிரான் அதைப் புதுவரியாக எடுத்துக்கொண்டு கட்டளையைப் பாதியில் வெட்டிவிடும். டெர்மினலில் நாமே தட்டினால் அதே கட்டளை ஜோராக ஓடும், அதுதான் எரிச்சல்.

சர்வரையே இந்திய நேரத்துக்கு மாற்றலாமே என்றால், மாற்றலாம், ஆனால் எல்லா சர்வர்களின் லாகும் (நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவு) யுடிசியில் இருக்கும்போது ஒரு சர்வர் மட்டும் தனி நேரம் காட்டினால் நடுராத்திரி பிழை தேடுபவருக்குத் தலைவலி.

அடுத்தது இரண்டாவது சனிக்கிழமை. 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு இரண்டாவது, நான்காவது சனி விடுமுறை. இரண்டாவது சனி 8 முதல் 14க்குள்தான் வரும் என்று கணக்குப் போட்டு, அன்றைக்கு மட்டும் காலை 9 மணிக்கு ஓட வேண்டிய வேலைக்கு 30 3 8-14 * 6 என்று எழுதுகிறார்கள். பார்க்க அவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் தேதி, கிழமை இரண்டையும் குறிப்பிட்டால், இரண்டில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே கிரான் ஓட்டிவிடும். 8 முதல் 14 வரை தினமும் ஓடும், அது போக எல்லாச் சனிக்கிழமையும் ஓடும். கட்டணம் பிடிக்கிற வேலையாக இருந்தால் அப்புறம் போன் நிற்காது. தேதியைக் கிரானில் விட்டு, சனியா என்று ஸ்கிரிப்ட்டில் கேட்பதே நல்லது.

பண்டிகை விடுமுறைகளை எந்த வரியிலும் எழுத முடியாது. அதற்குத் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம், வருடா வருடம் யாராவது புதுப்பிக்க வேண்டும். ரம்ஜான் பிறை பார்த்து ஒரு நாள் தள்ளிப்போனால், ஆன்கால் பையன்தான் (அவசரத்துக்குக் கூப்பிட்டால் வர வேண்டிய முறைக்காரன்) ராத்திரி உட்கார்ந்து அந்த ஒரு தேதியைக் கையால் மாற்றுவான்.